வாத்து வேட்டையில் பிறந்த யோசனை: துப்பாக்கியை மாற்றிய பாதிரியாருக்கு அரசு கொடுத்தது என்ன?

பிரிட்டிஷ் கடற்படையின் பழைய கைத்துப்பாக்கிகள் சிலவற்றை உற்றுப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். குழலும், மரப்பிடியும், இடுப்பு வாரில் மாட்டும் கொக்கியும் ஒரு காலத்தவை. சுத்தியல் மட்டும் பிற்காலத்தது. பக்கவாட்டில் பழைய பாகங்களைக் கழற்றிவிட்டுத் துளைகளை அடைத்த தடம்கூடத் தெரியும்.

சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் 'பிளின்ட்லாக்' துப்பாக்கியை, அடித்தாலே வெடிக்கும் 'பெர்கஷன்' முறைக்கு மாற்றியதன் அடையாளம் அது. இந்த முறைக்கு வழிகாட்டியவர் ராணுவ இன்ஜினீயர் இல்லை. ஸ்காட்லாந்தின் ஒரு கிராமத்துப் பாதிரியார்.

யார் இந்த ஃபோர்சைத்?

அலெக்ஸாண்டர் ஜான் ஃபோர்சைத், அபர்டீன் அருகே உள்ள பெல்ஹெல்வியில் பிறந்தவர். அப்பாவும் அதே ஊரில் பாதிரியார். அவர் இறந்த பிறகு 1791-இல் மகன் அந்தப் பொறுப்புக்கு வந்தார். ஓய்வு நேரத்தில் அவருக்கு இரண்டு ஆர்வங்கள்: வேதியியல், நீர்ப்பறவை வேட்டை.

வேட்டையில்தான் சிக்கலே. பிளின்ட்லாக்கில் விசையை இழுத்தால், கல் இரும்பில் மோதிப் பொறி பறக்கும். வெளியே சின்னக் கிண்ணத்தில் இருக்கும் மருந்து பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே போன பிறகுதான் குண்டு கிளம்பும். இதற்குள் வெளிச்சத்தைப் பார்த்த பறவை தப்பிவிடும்.

வேட்டைக்காரருக்குப் பறவை தப்பியதோடு போயிற்று. கடற்படை வீரருக்கு உயிரே போகும். அலைச்சாரல் பட்டு கிண்ணத்து மருந்து நனைந்தால் துப்பாக்கி வெடிக்காது.

என்ன செய்தார்?

அடித்தாலே வெடிக்கும் ஃபல்மினேட் போன்ற ரசாயனங்கள் அப்போது ஆய்வாளர்களுக்குத் தெரிந்தவைதான். அவற்றைக் குண்டைத் தள்ளும் மருந்தாகப் பயன்படுத்தினால் துப்பாக்கியே சிதறிவிடும். ஃபோர்சைத் வேறு மாதிரி யோசித்தார். துளி அளவு ரசாயனத்தை வைத்து, உள்ளே இருக்கும் வழக்கமான மருந்தைப் பற்றவைத்தால் போதும். தீபாவளிக்குப் பொம்மைத் துப்பாக்கியில் சுடும் பொட்டு வெடியும் இதே தத்துவம்தான்.

1806-இல் லண்டனுக்குப் போனார். ஆயுதத் துறைத் தலைவராக இருந்த மொய்ரா பிரபு, லண்டன் கோபுரத்திலேயே ஆய்வு செய்ய இடம் கொடுத்தார். அடுத்த ஆண்டே அந்தப் பதவிக்கு சாத்தம் பிரபு வந்தார். ஆய்வு நிறுத்தப்பட்டது. சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள்.

ஃபோர்சைத் சும்மா இருக்கவில்லை. 1807 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். நீராவி இயந்திரப் புகழ் ஜேம்ஸ் வாட் அதற்கு உதவினார். பிக்காடிலியில் கடையும் திறந்தார். வேட்டைக்காரர்கள் வாங்கினார்கள், அரசு வாங்கவில்லை. காப்புரிமையை மீறியவர்கள் மீது வழக்கு மேல் வழக்கு.

அரசு எப்போது விழித்தது?

காப்புரிமை 1821-இல் முடிந்தது. அந்தக் காலகட்டத்தில், ரசாயனத்தை உள்ளே வைத்த சின்னச் செம்புத் தொப்பி புழக்கத்துக்கு வந்தது. அதைத் தங்கள் கண்டுபிடிப்பு என்று பலர் உரிமை கொண்டாடினார்கள்.

1834-இல் வூல்விச்சில் அரசு ஒரு சோதனை நடத்தியது. இரண்டு வகையிலும் தலா 6,000 முறை சுட்டதில், பிளின்ட்லாக் 922 முறை வெடிக்காமல் போனது. பெர்கஷன் முறையில் அது வெறும் 36. அதற்குப் பிறகும் மாற்றம் மெதுவாகத்தான் நடந்தது.

1840-களில் புதுத் துப்பாக்கிகள் வந்தன. கையிருப்பில் இருந்த பழையவற்றையும் வீணாக்கவில்லை. கிண்ணத்தையும் பொறி இரும்பையும் கழற்றினார்கள். தொப்பி மாட்ட ஒரு முனையைப் பொருத்தி, கல் பிடிக்கும் பாகத்துக்குப் பதில் சுத்தியல் வைத்தார்கள்.

கிடைத்தது என்ன?

எழுபது வயதைத் தாண்டிய ஃபோர்சைத்துக்கு 1842-இல் அரசு கொடுத்தது 200 பவுண்டு. 1843 ஜூனில் அவர் இறந்தார். அதன்பிறகு இன்னும் 1,000 பவுண்டு ஒதுக்கப்பட்டு, உறவினர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத அவர், கடைசிவரை பெல்ஹெல்வியின் பாதிரியாராகவே இருந்தார்.

இன்றைய தோட்டாவின் அடியிலும் அடிபட்டதும் வெடிக்கும் ஒரு துளி ரசாயனம் இருக்கிறது. லண்டன் கோபுரத்தில் ஃபோர்சைத்துக்கு ஒரு நினைவுப் பலகை உண்டு. மூட்டை கட்டச் சொல்லி அவரை அனுப்பிய அதே இடத்தில்.