மூன்று ஆண்டுகள், அறுபது பாடங்கள்: அம்பேத்கரை உருவாக்கிய உதவித்தொகை

உலகத் தரமான ஆளுமைகளை உருவாக்குதல், புத்தாக்கத்தை ஊக்குவித்தல் ஆகிய சொற்கள் இன்று திருச்சிராப்பள்ளியின் கல்வி வளாகங்கள் அனைத்திலும் ஒலிக்கின்றன. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தோன்றிய இன்றைய தேசியத் தொழில்நுட்பக் கழகத்திலும், 1982இல் நிறுவப்பட்ட பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் புதிய சிந்தனை குறித்த பேச்சுக்குக் குறைவில்லை. தொட்டியத்தின் வாழைத் தோட்டங்களில் கூலிக்குச் செல்லும் குடும்பத்திலிருந்து ஒரு மாணவி முசிறி, குணசீலம், நெம்பர் ஒன் டோல்கேட் என்று காவிரியின் வடகரை வழியே பேருந்தில் வந்து அவ்வளாகங்களை அடைகிறார். அங்கிருந்து அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அவர் செல்ல வேண்டுமாயின் என்னென்ன கூடிவர வேண்டும்? இதற்கு விடையாக அமைந்த ஒரு வாழ்க்கை உண்டு. அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாகவே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். உதவித்தொகை பெற்ற மாணவராக அவரை நாம் போதிய அளவு பார்க்கவில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைக் குடியிருப்பில், பெற்றோரின் பதினான்காவது குழந்தையாக அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராக இருந்த சுபேதார். பிள்ளையின் படிப்பே அவருக்கு முதற்கவலை. பம்பாயில் 1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய அம்பேத்கர், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதந்தோறும் வழங்கிய 25 ரூபாயைக் கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தார். 1913 பிப்ரவரியில் தந்தை மறைந்தார். அதே ஆண்டு ஜூலையில் அவர் நியூயார்க்கில் இறங்கினார். மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று ஆண்டுகள், திரும்பி வந்து பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணி என்பவையே ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். அத்தொகையில் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து வீட்டிற்கு அனுப்ப வேண்டியிருந்தது. பம்பாயில் ரமாபாய் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். அம்பேத்கரின் பட்டங்களை வரிசையாகச் சொல்லும் நம் மேடைகளில் இந்தக் கணக்கு அரிதாகவே சொல்லப்படுகிறது.

கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்குத் தந்த முதற்பொருள் ஓர் அறை. லிவிங்ஸ்டன் விடுதியில் நாவல் பதேனா என்ற பார்சி இளைஞருடன் அவர் தங்கினார். அந்நட்பு வாழ்நாள் முழுதும் நீடித்தது. இரண்டாவது, எந்த வகுப்பிலும் சென்று அமரும் உரிமை. மூன்று ஆண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள் 60: பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மெய்யியலில் 5, மானுடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சும் ஜெர்மனும் தலா ஒன்று. செலிக்மேனிடம் பொதுநிதியையும் ஜான் டூயியிடம் மெய்யியலையும் பயின்றார். பொருளியல் படிக்க வந்தவருக்கு மானுடவியல் எதற்கு என்று எவரும் தடுக்கவில்லை. 1915இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றிய ஆய்வுக்காக முதுகலைப் பட்டம் பெற்றார்.

தடுக்காததன் பயன் 1916 மே 9 அன்று வெளிப்பட்டது. அலெக்சாண்டர் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதிகளின் தோற்றமும் இயக்கமும் குறித்து இருபத்தைந்து வயது மாணவர் கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நாடி தூய்மைக் கோட்பாட்டிலோ தொழிற்பிரிவிலோ இல்லை, அகமணத்திலேயே உள்ளது என்பது அவரது கருத்து. ஒரு குழு தனக்குள்ளேயே மணமுடிக்க வேண்டுமாயின் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். துணையை இழந்தவர் அச்சமநிலையைக் குலைக்கிறார். உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைமணமும் அந்தச் சிக்கலுக்குக் கண்ட வழிகளே என்று அவர் நிறுவினார். முதலில் கதவை அடைத்துக்கொண்டது புரோகித வர்க்கம். பிறர் அதைப் பார்த்து அடைத்துக்கொண்டனர், அல்லது வெளியே நிறுத்தப்பட்டனர். சாதியைப் பெண்ணுடல் மீதான கட்டுப்பாட்டோடு பிணைத்து விளக்கிய இந்த ஆய்வு மறு ஆண்டு ஓர் ஆய்விதழில் அச்சேறியது. புத்தாக்கம் என்ற சொல்லை நாம் எந்திரங்களுக்கும் செயலிகளுக்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டோம். ஈராயிரம் ஆண்டு நோய்க்கு ஒரு மாணவர் கண்ட காரணத்துக்கும் அது பொருந்தும்.

1916இல் அவர் இலண்டன் சென்று பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். உதவித்தொகையின் காலம் முடிந்ததால் 1917இல் பாதியில் திரும்ப நேர்ந்தது. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது, அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையானது. ஆயினும் நான்கு ஆண்டுகளுக்குள் வந்து படிப்பைத் தொடரலாம் என்று இலண்டன் பல்கலைக்கழகம் அனுமதி அளித்திருந்தது.

பரோடாவில் நடந்ததை நாம் அறிவோம். பணியாளர் கோப்புகளைக் கையில் கொடுக்காமல் எறிந்தனர். தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கியவரைத் தடிகளோடு வந்த கூட்டம் வெளியேற்றியது. மன்னரின் பணம் ஓர் அறிஞரை உருவாக்கியது. மன்னரின் தலைநகரால் அவருக்கு ஓர் அறை தர இயலவில்லை. அயல்நாட்டில் பயின்றோர் தாயகம் திரும்பாதது ஏன் என்று வருந்துவோர் இந்த நிகழ்வை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம். 1918 நவம்பரில் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியரானார். ஆசிரியர் அறையின் பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்துவதைச் சக ஆசிரியர் சிலர் எதிர்த்தனர்.

ஊதியத்தில் சேமித்தது, கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவி, பதேனாவிடம் வாங்கிய 5000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை 1922இல் அளித்தார். நாணய அளவைத் தன் விருப்பப்படி பெருக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தால் விலையேற்றத்தின் சுமை ஏழையின் தலையில் விழும் என்ற அவருடைய வாதம் பேரரசின் கொள்கையை நேரடியாகத் தாக்கியது. தேர்வாளர்கள் திருத்தித் தரச் சொன்னார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்தி அளித்து 1923இல் முனைவர் பட்டம் பெற்றார். வழிகாட்டியான எட்வின் கேனன் மாணவரின் முடிவுகளோடு உடன்படவில்லை. எனினும் நூலுக்கு முன்னுரை எழுதினார். நம் ஆய்வு மாணவர்கள் எத்தனை பேருக்கு இப்படியொரு வழிகாட்டி வாய்க்கிறார் என்பதை வாசகர்களே அறிவார்கள். கொலம்பியாவும் காத்திருந்தது. அங்கு தொடங்கிய நிதியாய்வு 1925இல் செலிக்மேனின் முன்னுரையோடு நூலானது. முனைவர் பட்டம் 1927இல் வழங்கப்பட்டது.

தான் ஏறிய ஏணியை அவர் பிறருக்கும் நாட்ட முயன்றார். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக 1942இல் பொறுப்பேற்றதும், பட்டியல் சாதி மாணவருக்கு உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உயர்கல்வி பெற அரசுப்பணம் வேண்டும் என்று கோரினார். 1944இல் பட்டியல் சாதியினருக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. மன்னரின் கருணையாக இருந்தது குடிமக்களின் உரிமையாக மாறத் தொடங்கிய இடம் இதுவே. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். 1952இல் கொலம்பியா அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

பட்டியல் சாதியினர் உள்ளிட்டோர் அயல்நாடு சென்று பயில ஒன்றிய அரசு வழங்கும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள் உள்ளன; அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு உரியவை. நாடு முழுமைக்கும் அவ்வளவே. 2022இல் ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் அதன் விதிகளைத் திருத்தியது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை கிடையாது என்றது. இத்தகைய ஆய்வுகளுக்கு வேண்டிய சான்றுகளும் அறிஞர்களும் இந்தியாவிலேயே இருப்பதாகக் காரணம் கூறப்பட்டது. 1916இலும் சாதி இந்தியாவில்தான் இருந்தது. அதை ஆராயும் மகர் இளைஞரைச் சமமாக அமரவைத்துக் கேட்ட அறை நியூயார்க்கில் இருந்தது.

இவ்விதி அன்று இருந்திருந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி பற்றிய முதுகலை ஆய்வு வரலாறு என்று விலக்கப்பட்டிருக்கும். கோல்டன்வைசர் கருத்தரங்கின் கட்டுரை சமூக ஆய்வு என்று விலக்கப்பட்டிருக்கும். தொட்டியத்து மாணவி பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ விண்ணப்பிக்கலாம். தன் தெருவில் சாதி எவ்வாறு இயங்குகிறது என்பதை அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய விரும்பினால், இவ்விதியின்படி அவருடைய விண்ணப்பம் தலைப்பைப் பார்த்ததுமே தள்ளப்படும்.