டட்லி சேனநாயக்கவும் கைநழுவிய பெரும்பான்மையும்

2020 ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நாடெங்கும் ஒரு மாவட்டத்தில்கூட வெற்றிபெறாது, தேசியப் பட்டியல் மூலம் கிடைத்த ஒரேயோர் ஆசனத்துடன் ஒதுங்க நேர்ந்தது. அதன் பின்னர், வீழ்ந்த கட்சியொன்று மீண்டும் பாராளுமன்றப் பெரும்பான்மையைப் பெறமுடியுமா என்ற விவாதம் தென்னிலங்கையில் எழும்போதெல்லாம் 1956 ஆம் ஆண்டின் வீழ்ச்சியும் 1965 ஆம் ஆண்டின் மீட்சியும் உதாரணமாக எடுத்துக்காட்டப்படுகின்றன. அந்த ஒன்பது ஆண்டுக் கதை பெரும்பாலும் ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையாகும். மூன்று தடவைகள் இந்நாட்டின் பிரதமராகப் பதவி வகித்த டட்லி சேனநாயக்கவே அம்மனிதர்.

அவர் ஐந்து பொதுத் தேர்தல்களில் தமது கட்சிக்குத் தலைமை தாங்கினார். அவற்றுள் முதலாவதில் மாத்திரமே கட்சிக்குத் தனித்த பெரும்பான்மை கிட்டியது. எஞ்சிய காலம் முழுவதும் பிறருடைய ஆதரவைக் கூட்டிக் கழித்தே அவர் ஆட்சி செய்யவேண்டியிருந்தது, அல்லது ஆட்சியை இழக்கவேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் வடக்கு, கிழக்குத் தமிழரின் வாக்குகள் எவ்வாறு சேர்க்கப்பட்டன, எவ்வாறு கழிக்கப்பட்டன என்பதை நோக்கும்போதுதான் இவரது வாழ்க்கை நமக்கு வெறும் பழங்கதையாக இல்லாமற் போகின்றது.

சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் மூத்த புதல்வராக 1911 ஜூன் 19 ஆம் திகதி டட்லி பிறந்தார். கல்கிசை புனித தோமையர் கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கற்று, பாரிஸ்டராக நாடு திரும்பினார். 1936 இல் தெதிகம தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1947 இல் தந்தையாரின் அமைச்சரவையில் விவசாய, காணி அமைச்சர் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது. திருமணம் செய்யாதவர், புகைப்படக் கலையில் நாட்டமுள்ளவர், எப்போதும் புகைக்குழாயுடன் காணப்படுபவர் என்றெல்லாம் அக்காலத்தவர் அவரை நினைவுகூர்வர். பதவிக்காக முண்டியடிக்கும் சுபாவம் அவரிடம் இருக்கவில்லை என்பதை அவரது எதிரிகளும் ஒப்புக்கொள்வர்.

1952 மார்ச் மாதத்தில் காலிமுகத்திடலில் குதிரையிலிருந்து வீழ்ந்து டி.எஸ். சேனநாயக்க மரணமானார். அமைச்சரவையின் மூத்த உறுப்பினரான சேர் ஜோன் கொத்தலாவலை அப்பதவியை எதிர்பார்த்திருந்தார். ஆயினும் மகாதேசாதிபதி சோல்பரி பிரபு டட்லியையே அழைத்தார். அப்போது அவருக்கு வயது 40. அனுதாப அலை ஓய்வதற்கு முன்னரே அவர் பாராளுமன்றத்தைக் கலைத்து மே மாதத்தில் தேர்தலை நடத்தினார். தெரிவுசெய்யப்படும் 95 ஆசனங்களில் 54 ஐ ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது.

இந்த வெற்றியின் பின்னணியில் ஓர் அநீதி இருந்ததை மறைக்கலாகாது. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்திருந்தன. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றிருந்த ஏழு ஆசனங்களும் அவ்வாறே இல்லாதொழிந்தன. மலையகத் தொகுதிகளில் சிங்கள வாக்காளரின் பலம் இதனால் செயற்கையாகப் பெருகிற்று. யாழ்ப்பாணத்திலும் அத்தேர்தல் ஒரு விசித்திரமான முடிவைத் தந்தது. காங்கேசன்துறையில் தந்தை செல்வநாயகம் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் எஸ். நடேசனிடம் தோல்வியுற்றார். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு நாடு முழுவதும் இரண்டு ஆசனங்களே கிடைத்தன. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே செல்வநாயகத்தின் கையொப்பம் தமக்குத் தேவைப்படும் என்று அன்று டட்லி எண்ணியிருக்கமாட்டார்.

பெரும்பான்மை கிடைத்து ஓராண்டு கடந்ததும் அரிசி விலை அவரைக் கவிழ்த்தது. உலகச் சந்தையில் அரிசி விலை ஏறியிருந்தது. சீனாவுடன் செய்துகொண்ட இறப்பர் - அரிசி உடன்படிக்கையும் நிதிச் சுமையைத் தீர்க்கப் போதுமானதாக இருக்கவில்லை. நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தனவின் திட்டப்படி, கூப்பன் அரிசியின் விலை கொத்தொன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. விலையை உயர்த்துவதில்லை என்று தேர்தல் மேடைகளில் உறுதியளித்தோர் செய்த காரியம் இது. 1953 ஆகஸ்ட் 12 ஆம் திகதி இடதுசாரிக் கட்சிகள் அழைத்த ஹர்த்தால் நாட்டை ஸ்தம்பிக்கச் செய்தது. அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றில் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. மனமும் உடலும் தளர்ந்த டட்லி அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி துறந்தார். பாராளுமன்றத்தில் பெரும்பான்மை அவர் பக்கமே இருந்தது. அவரை யாரும் வாக்கெடுப்பில் தோற்கடிக்கவில்லை. மக்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்ததன் பொறுப்பைச் சுமக்க முடியாது ஒரு பிரதமர் விலகிய நிகழ்வு இந்நாட்டில் பின்னர் அரிதாகவே காணப்பட்டது.

கொத்தலாவலை பிரதமரானார். 1956 இன் தொடக்கத்தில் களனி மாநாட்டில் ஐக்கிய தேசியக் கட்சியும் சிங்களம் மட்டும் என்ற கொள்கைக்குத் தாவியது. அதனால் தமிழரை இழந்ததேயன்றிச் சிங்களவரைப் பெறவில்லை. அக்கொள்கைக்கு உரித்தாளராக மக்கள் ஏற்கெனவே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவை ஏற்றுக்கொண்டிருந்தனர். டட்லி போட்டியிடாத அத்தேர்தலில் மக்கள் ஐக்கிய முன்னணி 51 ஆசனங்களைப் பெற, ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டு ஆசனங்கள் எஞ்சின. ஆயினும் அளிக்கப்பட்ட வாக்குகளில் கால் பங்கிற்கு மேல் அக்கட்சிக்கே விழுந்திருந்தது. கட்சி சாகவில்லை, தொகுதிமுறைத் தேர்தல் அதனை அவ்வாறு காட்டியது என்பதே உண்மை. மீட்சிக்கான வித்து அந்தக் கால் பங்கில் இருந்தது.

1957 இல் டட்லி கட்சிக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஒக்டோபரில் பண்டா - செல்வா ஒப்பந்தத்தை எதிர்த்து ஜே.ஆர். கண்டி யாத்திரை புறப்பட்டார். எட்டு ஆசனக் கட்சி தன்னை நிமிர்த்திக்கொள்ளத் தெரிந்தெடுத்த வழி தமிழருக்கு வழங்கப்படவிருந்த சிறு சலுகையை எதிர்ப்பதாக அமைந்தது. 1958 இல் அந்த ஒப்பந்தம் கிழிக்கப்பட்டது. 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்க கொலையுண்டார்.

1960 மார்ச் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50 ஆசனங்கள், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 46, தமிழரசுக் கட்சிக்கு 15, பிலிப் குணவர்தனவின் மக்கள் ஐக்கிய முன்னணிக்குப் 10, லங்கா சமசமாஜக் கட்சிக்குப் 10. நியமன உறுப்பினர் அறுவரையும் சேர்த்துச் சபையின் மொத்தம் 157. பெரும்பான்மைக்கு 79 தேவை. நியமன உறுப்பினர்களுடன் டட்லியிடம் இருந்தது 56. தமிழரசுக் கட்சியைச் சேர்த்தாலும் 71 தான். பிலிப்பின் பத்தையும் சேர்த்தால் 81. ஆனால் தமிழரசுக் கட்சியையும் பிலிப்பையும் ஒரே வரிசையில் அமர்த்துவது அன்று எவராலும் ஆகாத காரியம். பிரதேச சபைகள், தமிழ் மொழியின் தகைமை, குடியேற்றம், மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை ஆகிய விடயங்களில் தமிழரசுக் கட்சி முன்வைத்த கோரிக்கைகளை டட்லி நிராகரித்தார். சபாநாயகர் தெரிவிலேயே எதிரணியின் வேட்பாளர் ரி.பி. சுபசிங்க வென்றுவிட்டார். ஏப்ரல் 22 ஆம் திகதி சிம்மாசனப் பிரசங்கத்தின் மீதான வாக்கெடுப்பில் அரசாங்கம் வீழ்ந்தது. ஒரு மாத அரசாங்கம் அது.

ஜூலையில் நடைபெற்ற மறு தேர்தலில், சுதந்திரக் கட்சியினர் தமிழரசுக் கட்சியுடன் இரகசிய உடன்பாடு செய்துவிட்டனர் என்ற பிரசாரத்தை ஐக்கிய தேசியக் கட்சி தீவிரமாக மேற்கொண்டது. இடதுசாரிகளுடன் போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்த சுதந்திரக் கட்சி 75 ஆசனங்களைப் பெற்றது. ஐக்கிய தேசியக் கட்சி அதனைவிட ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அதிகமாகப் பெற்றும் 30 ஆசனங்களுடன் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தது.

இந்தத் தோல்வி டட்லிக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்கவேண்டும். வாக்குகளைப் பெருக்குவதால் மட்டும் ஆட்சி வராது, எதிரணி ஒன்றுபடுவதைத் தடுக்கவேண்டும், தாமும் நண்பர்களைத் தேடவேண்டும். எதிர்க்கட்சித் தலைவராக அவர் பொறுமையுடன் காத்திருந்தார். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க சமசமாஜக் கட்சியைக் கூட்டரசாங்கத்தில் சேர்த்ததும் சுதந்திரக் கட்சியின் வலதுசாரிகள் கலங்கினர். பத்திரிகைத் துறையைக் கட்டுப்படுத்தும் சட்டமூலம் அக்கலக்கத்தை வெடிக்கச் செய்தது. டிசெம்பர் 3 ஆம் திகதி சி.பி. டி சில்வா தம் சகாக்களுடன் எதிரணிக்குத் தாவ, அரசாங்கம் ஒரு வாக்கினால் தோற்றது.

1965 மார்ச் 22 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 66 ஆசனங்கள் கிடைத்தன. சுதந்திரக் கட்சிக்கு 41. மீண்டும் அதே கணக்கு. இம்முறை டட்லி தயங்கவில்லை. மார்ச் 24 ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் 14 ஆசனங்களுக்குத் தலைவரான செல்வநாயகத்துடன் உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட்டார். வடக்கு, கிழக்கில் தமிழில் நிர்வாகமும் நீதிமன்ற நடவடிக்கையும், மாவட்ட சபைகள், குடியேற்றத்தில் அம்மாகாணங்களின் காணியற்றோருக்கும் தமிழ் பேசும் மக்களுக்கும் முன்னுரிமை என்பன அதன் சாரம். சி.பி. டி சில்வாவின் அணியும் தமிழ்க் காங்கிரஸும் பிலிப் குணவர்தனவும்கூட ஒரே அரசாங்கத்தில் இணைந்தனர். 1960 இல் முடியாதது 1965 இல் முடிந்தது. எழுவர் கூட்டு என எதிரணியினர் ஏளனம் செய்த அந்தத் தேசிய அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் மு. திருச்செல்வம் செனற் சபை மூலம் உள்ளூராட்சி அமைச்சரானார்.

தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியில் நிறைவேற்றப்பட்டன. அதற்கெதிரான ஊர்வலத்தில் சுதந்திரக் கட்சியுடன் இடதுசாரிகளும் சேர்ந்து சென்றனர். ஒரு காலத்தில் இரு மொழிகளுக்கும் சம அந்தஸ்துக் கோரியவர்கள், டட்லியின் வயிற்றில் மசாலா வடை இருப்பதாகக் கோஷமிடுவோருடன் கைகோத்த காட்சி தமிழரால் மறக்கக்கூடியதன்று. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இளம் பிக்கு ஒருவர் உயிரிழந்தார். நாட்டில் அவசரகாலநிலை பிரகடனம் செய்யப்பட்டது.

மாவட்ட சபைகளுக்கான வெள்ளையறிக்கை 1968 ஜூனில்தான் வெளிவந்தது. எதிரணி எதிர்த்தது; அதைவிட ஆளுங்கட்சியின் பின்வரிசை உறுப்பினர்களே கலகம் செய்தனர். டட்லி பின்வாங்கினார். திருக்கோணேஸ்வர ஆலயச் சூழலைப் புனித நகராக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் நியமித்த குழுவையும் அவர் ரத்துச் செய்ய, அமைச்சர் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசாங்கத்துக்கான ஆதரவைக் கைவிட்டது. டட்லி நேர்மையற்றவர் என்று இதனை வைத்துக் கூறுவது பொருந்தாது. ஒப்பந்தத்தை அவர் மனப்பூர்வமாகவே செய்தார் என்று கொள்ள இடமுண்டு. ஆனால் பதவிக்கு வரத் தமிழரின் வாக்குகள் தேவைப்பட்டன. அவ்வாக்குகளின்றியும் ஆட்சியைத் தொடரலாம் என்ற நிலை வந்ததும் சொந்தக் கட்சியின் கோபத்தை எதிர்கொள்ளும் துணிவு அவரிடம் இருக்கவில்லை. 1953 இல் பதவியைத் தூக்கியெறிந்த அதே மனிதர், 1968 இல் அதைப் பணயம் வைக்கத் துணியாதது வியப்புக்குரியது.

அவ்வரசாங்கத்தின் விவசாய முயற்சிகள் பற்றித் தென்னிலங்கையில் இன்றும் சிலாகித்துப் பேசுவர். நெல் உற்பத்தி பெருகியது, மகாவலித் திட்டம் வரையப்பட்டது, உல்லாசப் பிரயாணத் துறைக்குச் சபை அமைந்தது. எனினும் 1966 இன் இறுதியில் பங்கீட்டு அரிசி இரண்டு கொத்திலிருந்து ஒரு கொத்தாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கொத்து இலவசமாக வழங்கப்பட்டபோதிலும், இழந்த கொத்தையே மக்கள் எண்ணினர். 1967 இல் ரூபாவின் பெறுமதி குறைக்கப்பட்டது. படித்த இளைஞருக்கு வேலையில்லை. பறிபோன கொத்தை மீண்டும் தருவதாக ஐக்கிய முன்னணி வாக்களித்தது.

1970 மே தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வாக்குகளில் ஏறக்குறைய 38 வீதத்தைப் பெற்றது. 1965 இல் பெற்றதைவிட ஒன்றரை வீதமளவே குறைவு. சுதந்திரக் கட்சி தனித்துப் பெற்றதைவிடச் சற்று அதிகம். ஆனால் ஆசனங்கள் 66 இலிருந்து 17 ஆகச் சரிந்தன. சுதந்திரக் கட்சிக்கு 91. சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகளையும் சேர்த்து ஐக்கிய முன்னணி மூன்றிலிரண்டு பெரும்பான்மையைப் பெற்றது. அந்தப் பலத்தைக்கொண்டே 1972 ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு நிறைவேற்றப்பட்டு, சிறுபான்மையினருக்கான சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவும் அகற்றப்பட்டது. டட்லியின் கட்சி யாப்பை எதிர்த்து வாக்களித்தது. தடுக்கும் எண்ணிக்கை அதனிடம் இருக்கவில்லை.

டட்லி கட்சித் தலைமையை வைத்துக்கொண்டு எதிர்க்கட்சித் தலைவர் பதவியை ஜே.ஆருக்கு விட்டுக்கொடுத்தார். அரசாங்கத்துடன் ஒத்துழைப்பதா எதிர்ப்பதா என்பதில் இருவரும் முரண்பட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை சென்று பின்னர் தணிந்தது. 1973 ஏப்ரல் 13 ஆம் திகதி, புத்தாண்டுக்கு முதல் நாள், தமது 61 ஆவது வயதில் டட்லி காலமானார். சுதந்திர சதுக்கத்தில் நடைபெற்ற இறுதிக் கிரியைகளில் திரண்ட சனத்தைக் கண்டு அரசாங்கமே திகைத்தது. தெதிகம இடைத்தேர்தலில் அவரது சகோதரரின் மகன் ருக்மன் சேனநாயக்க வென்றார்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 1977 ஜூலையில், ஜே.ஆர். ஜயவர்தனவின் தலைமையில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 ஐக் கைப்பற்றியது. யாருடைய ஆதரவையும் நாடவேண்டிய தேவை அக்கட்சிக்கு இருக்கவில்லை. சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை, 1956 இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது போன்று, எட்டு ஆசனங்களே. 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.