மூன்று நாள் துக்கம் போதும் என்று எழுதிவிட்டுப் போன எற்றோரே மயோரானா

சென்ற வருடம் அம்மா காணியைப் பிரித்து எழுத நினைத்தார். நான்கு பிள்ளைகள், எட்டுப் பரப்பு, ஆளுக்கு இரண்டு. நொத்தாரிசின் மேசையில் உறுதியை விரித்தபோதுதான் சிக்கல் வந்தது. நன்கொடை உறுதி என்றால் பெறுபவரும் வந்து ஒப்பமிட வேண்டும். மூத்தவர் எங்கே என்று அவர் கேட்டார். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் அண்ணாவைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அப்படியென்றால் மரணச் சான்றிதழை எடுத்துவிட்டு மூன்றாகப் பிரிக்கலாமே என்றார் நொத்தாரிசு. நல்ல மனிதர், எங்கள் வேலையைச் சுலபமாக்கத்தான் சொன்னார். அம்மா உறுதியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஓர் இத்தாலியத் தாயின் நினைவு வந்தது. டொரீனா கோர்சோ என்பது அவருடைய பெயர். அவருடைய மகனின் பெயர் எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. ஆனால் இன்று உலகின் பெரிய ஆய்வுக்கூடங்கள் சில, மலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, அந்த மகன் 1937 இல் எழுதிய ஒரு கட்டுரை சரியா பிழையா என்றுதான் தேடிக்கொண்டிருக்கின்றன.

எற்றோரே மயோரானா 1906 ஆகஸ்ட் 5 ஆம் திகதி சிசிலித் தீவின் கற்றானியா நகரில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. தந்தை பொறியியலாளர், பெரியப்பாமாரில் ஒருவரான குவிரீனோ பௌதிகவியல் பேராசிரியர். சின்ன வயதிலேயே மூன்று இலக்க எண்களை மனதால் பெருக்கிச் சொல்வாராம். வீட்டுக்கு வந்தவர்கள் கணக்குக் கேட்டால் கூச்சத்தில் மேசைக்குக் கீழே போய் ஒளிந்திருந்து விடை சொல்வாராம். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பற்றி எல்லா ஊரிலும் இப்படிக் கதைகள் உண்டு. ஆனால் இவர் கடைசிவரை மேசைக்குக் கீழேயிருந்துதான் விடை சொன்னார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ரோம் நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவரைப் பௌதிகவியலுக்கு இழுத்துவந்தவர் நண்பர் எமிலியோ செக்ரே. அங்கே என்றிக்கோ பெர்மி இளைஞர்களைச் சேர்த்து ஒரு குழுவை உருவாக்கிக்கொண்டிருந்தார். முதல் சந்திப்பில், அணுவுக்குள் மின்னழுத்தம் எப்படி மாறுகிறது என்று தான் பல நாட்களாகக் கணித்த அட்டவணையைப் பெர்மி காட்டினார். மயோரானா பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் ஒரு காகிதத் துண்டுடன் வந்து, தான் வேறு வழியில் கணித்த எண்களைப் பெர்மியின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பெர்மியின் அட்டவணையில் பிழை இல்லை என்று சொன்னார். ஆசிரியர் மாணவனைச் சோதிக்கவில்லை, மாணவன்தான் ஆசிரியரைச் சோதித்துவிட்டுச் சேர்ந்தான்.

அந்தக் குழுவில் எல்லோருக்கும் பட்டப்பெயர் இருந்தது. பெர்மி பாப்பரசர். மற்றவர்களின் வாதங்களில் ஓட்டை கண்டுபிடிக்கும் மயோரானாவுக்குப் பெரிய விசாரணை அதிகாரி என்று பெயர். சிகரெட் பெட்டிகளில் கணக்கு எழுதுவார், நண்பர்களுக்கு விளக்குவார், சிகரெட் முடிந்ததும் பெட்டியைக் கசக்கி எறிந்துவிடுவார். 1932 இல், நியூத்திரன்களும் புரோத்தன்களும் அணுக்கருவுக்குள் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று அவர் யோசித்து வைத்திருந்ததை வெளியிடும்படி பெர்மி மன்றாடியும் அவர் கேட்கவில்லை. சில மாதங்களில் அதே துறையில் ஜேர்மனியின் வேர்னர் ஹைசன்பேர்க்கின் கட்டுரை வந்தது. தான் பிந்திவிட்டேன் என்று மயோரானா கவலைப்படவில்லை. இனித் தான் எழுதத் தேவையில்லை என்று ஆறுதலடைந்தார்.

1933 இல் அவர் ஜேர்மனியின் லைப்சிக் நகருக்குப் போய் ஹைசன்பேர்க்குடன் சில மாதங்கள் இருந்தார். திரும்பி வந்தபோது இரைப்பை நோய் இருந்தது. 1934 இல் தந்தை இறந்தார். ஏறக்குறைய நான்கு வருடங்கள் ரோமில் வீட்டைவிட்டு அதிகம் வெளிக்கிடவில்லை. தலைமுடியும் தாடியும் வளர்ந்துபோய், நண்பர் ஒருவர் முடி வெட்டுபவரை வீட்டுக்கே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் ஒரு கட்டுரைகூட வெளியிடவில்லை. அந்த வருடங்களில் அவருடைய மனதில் என்ன இருந்தது என்று ஆராய்ந்து புத்தகம் எழுதியவர்கள் பலர். நான் அதற்குள் போக விரும்பவில்லை. ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதற்கு வெளியிலிருந்து காரணம் சொல்வது எவ்வளவு சுலபம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

1937 இல் கதவு கொஞ்சம் திறந்தது. இலத்திரனையும் பொசித்திரனையும் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

இலத்திரனுக்கு எதிர்த்துணிக்கை பொசித்திரன். ஒன்றில் எதிரேற்றம், மற்றதில் நேரேற்றம், ஆகவே இரண்டையும் பிரித்து அறியலாம். ஆனால் ஏற்றமே இல்லாத துணிக்கைக்குத் தனியாக ஓர் எதிர்த்துணிக்கை எதற்கு என்று மயோரானா கேட்டார். தானே தனக்கு எதிர்த்துணிக்கையாக இருக்கும் துணிக்கை ஒன்று இயற்கையில் இருக்க முடியும் என்று சமன்பாட்டால் காட்டினார். நியூத்திரினோ அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்றார். அப்போது நியூத்திரினோவை ஒருவரும் கண்டிருக்கவில்லை. அது 1956 இல்தான் பிடிபட்டது.

அதே வருடம் இத்தாலியில் பேராசிரியர் பதவிகளுக்கான போட்டி நடந்தது. மயோரானாவை மற்றவர்களோடு ஒப்பிட முடியாது என்று தெரிவுக்குழு முடிவெடுத்தது. போட்டிக்கு வெளியே, அவருடைய புகழுக்காகவே, நாப்போலிப் பல்கலைக்கழகத்தில் பதவி கொடுத்தார்கள். 1938 ஜனவரியில் விரிவுரைகளைத் தொடங்கினார். மாணவர்கள் ஒரு சிலரே. அவர் படிப்பித்தது மூன்று மாதம்கூட இல்லை.

1938 மார்ச் 25, வெள்ளிக்கிழமை. நாப்போலியிலிருந்து இரவு பத்தரைக்குப் பலெர்மோவுக்குப் புறப்படும் தபால் கப்பலில் ஏறினார். ஏறமுன் இரண்டு கடிதங்கள் எழுதியிருந்தார். பௌதிகவியல் நிறுவனத்தின் தலைவர் அன்ரோனியோ கரெல்லிக்கு எழுதியதில், தவிர்க்க முடியாத ஒரு முடிவை எடுத்திருப்பதாகச் சொல்லி, மாணவர்களுக்கு ஏற்படப்போகும் சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். மற்றது குடும்பத்துக்கு, ஹோட்டல் அறையில் வைக்கப்பட்டிருந்தது. கறுப்பு உடுக்க வேண்டாம், வழக்கத்துக்காக ஏதாவது துக்க அடையாளம் அணிவதென்றால் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம் என்று அதில் கேட்டிருந்தார்.

அடுத்த நாள் பலெர்மோவிலிருந்து கரெல்லிக்கு ஒரு தந்தி வந்தது, பதற வேண்டாம் என்று. பிறகு இன்னொரு கடிதம். கடல் தன்னை ஏற்கவில்லை, நாளை திரும்பி வருகிறேன், ஆனால் படிப்பிப்பதை விடப்போகிறேன் என்ற கருத்தில் அது இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. வயது முப்பத்தொன்று.

இந்தக் கதையை அம்மாவுக்கு ஒருமுறை சொன்னேன். கடிதமாவது எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா சொன்னதில்தான் எல்லா வித்தியாசமும் இருக்கிறது. மயோரானா கடவுச்சீட்டோடும் தன் சேமிப்புப் பணத்தோடும் தானாகப் போனவர் என்றே தெரிகிறது. அவரை யாரும் பஸ்ஸில் ஏற்றவில்லை. பெயர் பதியச் சொல்லி வரிசையில் நிறுத்தவில்லை. அவருக்கு நடந்ததும் எங்கள் பிள்ளைகளுக்கு நடந்ததும் ஒன்று என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் இருப்பவர்களுக்குப் பிறகு நடந்தது மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

குடும்பம் பத்திரிகையில் படத்தோடு அறிவித்தல் போட்டது. தகவல் தருபவருக்கு 30,000 லீரா வெகுமதி. தாய் ஆட்சித் தலைவர் முசோலினிக்கே கடிதம் எழுதினார். பெர்மியும் எழுதினார். கண்டதாகச் சொன்னவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவரைத் தெரிந்த ஒரு தாதி ஏப்ரலில் நாப்போலித் தெருவில் கண்டாராம். துறவு மடமொன்றில் ஓர் இளைஞன் இடம் கேட்டு வந்தானாம். பிற்காலத்தில் ஆர்ஜென்ரீனாவில் கண்டார்கள். சிசிலியின் மசாரா நகரத்தில் கணிதம் தெரிந்த ஒரு பிச்சைக்காரர்தான் அவர் என்றார்கள். 2015 இல் ரோம் நகர அரச வழக்குத்தொடுநர்கள், அவர் 1955 இலிருந்து 1959 வரை வெனிசுவேலாவில் உயிரோடு இருந்தார் என்று ஒரு புகைப்படத்தை வைத்து முடிவு சொல்லி விசாரணையை மூடினார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. உடலும் இல்லை, கல்லறையும் இல்லை.

அணுகுண்டு வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்து ஒதுங்கிப்போனார் என்று ஒரு கருத்து உண்டு. சிசிலிய எழுத்தாளர் லியோனார்டோ ஷாஷா 1975 இல் எழுதிய நூலால் அது பரவியது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யுரேனியக் கரு பிளவுபடும் என்று கண்டறிந்ததே 1938 இன் கடைசியில்தான். ஆனால் அந்த நூலில் வேறொரு செய்தி இருக்கிறது. தாய் மகனின் தற்கொலையை ஒருபோதும் நம்பவில்லை. தன் உயிலில், அவன் திரும்பி வரும்போது கொடுப்பதற்கென்று அவனுடைய பங்கையும் எழுதி வைத்தார்.

மகன் எழுதியதைத் தேடும் கதை இன்னும் முடியவில்லை. சில அணுக்கருக்களில் இரண்டு நியூத்திரன்கள் ஒரே தடவையில் புரோத்தன்களாக மாறும். இரண்டு இலத்திரன்களும் இரண்டு எதிர்நியூத்திரினோக்களும் வெளியேறும். இது மிக அரிது, 1987 இல்தான் ஆய்வுகூடத்தில் நேரடியாகக் கண்டார்கள். மயோரானா சொன்னது சரியென்றால் இன்னும் அரிதான ஒன்றும் நடக்க வேண்டும். ஒரு நியூத்திரன் விடும் நியூத்திரினோவை அதே கருவின் மற்ற நியூத்திரன் உள்வாங்கிக்கொள்ள, இரண்டு இலத்திரன்கள் மட்டும் முழுச் சக்தியோடும் வெளியே வரும். 1939 இல் வென்டெல் பெரி இதைச் சொன்னார். அதைக் கண்டால் இன்றைய துணிக்கைப் பௌதிகவியலின் அடிப்படை விதி ஒன்று உடையும். பிரபஞ்சத்தில் சடம் ஏன் எஞ்சியது, எதிர்ச்சடம் ஏன் எஞ்சவில்லை என்ற கேள்விக்கும் ஒரு வழி திறக்கலாம்.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்குள், 1400 மீற்றர் பாறைக்கு அடியில், கேர்டா என்ற பரிசோதனையில் ஜேர்மானியம்-76 ஐ வைத்துப் பல வருடங்கள் காத்திருந்தார்கள். வானத்திலிருந்து வரும் கதிர்களை மலை தடுக்கும். ஆனால் சுற்றியிருக்கும் உலோகத்திலும் கதிர்த்தொழிற்பாடு இருக்கும். அதனால் அதே மலைக்குள் இருக்கும் குவோரே என்ற பரிசோதனையில் புதிய ஈயத்தை மட்டும் நம்பாமல், சார்டீனியாத் தீவுக்கு அப்பால் மூழ்கிய ரோமானியக் கப்பலிலிருந்து எடுத்த, சுமார் 2000 வருடப் பழமையான ஈயத்தையும் கவசமாக வைத்தார்கள். அவ்வளவு காலம் கடலுக்கடியில் கிடந்ததில் அதன் கதிர்த்தொழிற்பாடு அடங்கிப்போயிருந்தது.

2001 இல் ஒரு குழுவில் சிலர் கண்டுவிட்டோம் என்று அறிவித்தார்கள். 2013 இல் வந்த கேர்டாவின் முதல் முடிவுகள் அதற்கு ஆதரவாக இருக்கவில்லை. 2020 இல் கேர்டா கடைசிக் கணக்கைச் சொன்னது. கிலோவையும் வருடத்தையும் பெருக்கினால் 127 வரும் அளவுக்குத் தேடினோம், காணவில்லை. ஆகவே இந்தத் தேய்வின் அரைவாழ்வுக்காலம் 18 க்குப் பின்னால் 25 பூச்சியங்கள் போட்ட வருடங்களைவிடக் குறைவாக இருக்க முடியாது, இதை 90 வீத நம்பிக்கையோடு சொல்கிறோம் என்றார்கள். பிரபஞ்சத்தின் வயதே 1380 கோடி வருடம்தான். அவ்வளவு காலத்தை எப்படி அளப்பது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஓர் அணுவைப் பார்த்துக்கொண்டிருந்தால் முடியாது. ஒரு கிலோ ஜேர்மானியம்-76 இல் எட்டுக்குப் பின்னால் 24 பூச்சியங்கள் அளவு அணுக்கள் இருக்கின்றன. அரைவாழ்வுக்காலம் சரியாக அந்த எல்லையில் இருந்தால், 33 கிலோவை வைத்திருந்து வருடத்துக்கு ஒன்றைக் காணலாம்.

இதைக் கரும்பலகையில் கணித்துக் காட்டும்போது எனக்கு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் பொறாமை வரும். காணவில்லை என்று சொல்வதற்கு அவர்கள் எவ்வளவு கணக்குக் காட்டுகிறார்கள்! எங்கே தேடினோம், எவ்வளவு தேடினோம், எதை மறைத்திருக்கலாம், எவ்வளவுக்கு நிச்சயம் என்று எல்லாம் எழுதி ஒப்பமிடுகிறார்கள். அண்ணாவைப் பற்றி எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்கள் ஒரு கோவை நிறைய இருக்கின்றன. அவர் இல்லை என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. எங்கே தேடினார்கள் என்று ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

அமெரிக்காவில் பழைய தங்கச் சுரங்கமொன்றுக்குள் நடந்த பரிசோதனைக்கு மயோரானாவின் பெயரையே வைத்தார்கள். அவர்களும் கேர்டாவினரும் சேர்ந்து, இன்னும் அதிக ஜேர்மானியத்தோடு, லெஜென்ட் என்ற பெயரில் கிரான் சாசோவுக்குள் மறுபடியும் தொடங்கியிருக்கிறார்கள்.

அம்மா பிறகு வேறொரு நொத்தாரிசிடம் போனார். எங்கள் மூவருக்கும் ஆளுக்கு இரண்டு பரப்பு எழுதியாகிவிட்டது. கிணற்றடிப் பக்கத்து இரண்டு பரப்பு இன்னும் அம்மாவின் பெயரில் இருக்கிறது. அதை உயிலில் அண்ணாவுக்கு எழுதும்படி சொல்லியிருக்கிறார்.