இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை: வைத்தியர் லுட்விக் குட்மனின் வாழ்க்கை

1917ஆம் ஆண்டு. முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அப்போது ஜேர்மனியிலும் இப்போது போலந்திலும் உள்ள ஒரு நிலக்கரிச் சுரங்க நகரத்தின் வைத்தியசாலையில், லுட்விக் குட்மன் என்ற பதின்ம வயது யூத இளைஞர் உதவியாளராக வேலை செய்தார்.

ஒருநாள் முதுகெலும்பு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நல்ல திடகாத்திரமான இளம் ஆள். உடம்பைச் சுற்றி பிளாஸ்டர் போட்டு, மற்ற நோயாளிகளின் கண்ணில் படாதபடி ஒரு மறைப்புக்குப் பின்னால் கிடத்தினார்கள். அவரைப் பற்றிக் குறிப்பெழுதத் தொடங்கிய குட்மனிடம், ஆள் சில வாரங்களில் இறந்துவிடுவார், அதிகம் எழுதத் தேவையில்லை என்று சொல்லப்பட்டது. அப்படியே நடந்தது. ஐந்து வாரங்களில் அந்தத் தொழிலாளி இறந்துபோனார்.

அந்த மரணத்தை குட்மன் கடைசிவரை மறக்கவில்லை.

துரத்தப்பட்ட வைத்தியர்

குட்மன் 1899 ஜூலை 3ஆம் திகதி பிறந்தவர். 1924இல் வைத்தியப் பட்டம் பெற்று, பிரெஸ்லாவ் நகரில் ஒட்பிரிட் பேர்ஸ்டர் என்ற புகழ்பெற்ற நரம்பியல் நிபுணரிடம் வேலை பழகினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூத வைத்தியர்கள் பொது வைத்தியசாலைகளிலிருந்து நீக்கப்பட்டார்கள். குட்மன் அதே நகரின் யூத வைத்தியசாலைக்குப் போனார். பின்னர் அதன் பொறுப்பாளரானார்.

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனி முழுவதும் யூதர்களின் வீடுகளும் கடைகளும் தொழுகை இடங்களும் தாக்கப்பட்டன. வாசலுக்கு வரும் எவரையும் கேள்வி கேட்காமல் அனுமதிக்கும்படி குட்மன் உத்தரவிட்டார். அன்று 64 பேர் உள்ளே எடுக்கப்பட்டார்கள். மறுநாள் இரகசியப் பொலிஸார் வந்தபோது, ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிச்சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொன்னார். 60 பேர் தப்பினார்கள்.

1939 மார்ச்சில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் அவர் இங்கிலாந்துக்கு அகதியாகப் போய்ச் சேர்ந்தார். ஒக்ஸ்போர்டில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது.

கைகளால் செய்த வைத்தியம்

பிரான்ஸ் கரையில் பெரும் படையிறக்கத்துக்கு பிரித்தானியா தயாராகிக்கொண்டிருந்தது. முள்ளந்தண்டில் காயப்பட்ட படையினர் பலர் வருவார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அவர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையத்தை ஆரம்பிக்கும்படி குட்மனிடம் கேட்டார்கள். 1944 பெப்ரவரி 1ஆம் திகதி, ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் 26 கட்டில்களோடு அது தொடங்கியது.

இந்தக் காயத்துக்கு உள்ளானவர்களில் பெரும்பாலானோர் நெடுநாள் உயிரோடிருக்க மாட்டார்கள் என்பதே அப்போதைய வைத்திய உலகின் எண்ணம். குட்மன் வேறொரு கேள்வி கேட்டார். இவர்கள் உண்மையில் எதனால் இறக்கிறார்கள்? முறிந்த முள்ளந்தண்டு நேரடியாகக் கொன்றவர்கள் குறைவு. படுக்கைப் புண்ணில் கிருமி ஏறி இறந்தார்கள். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை போய் இறந்தார்கள். இரண்டுமே தடுக்கக்கூடியவை.

பிளாஸ்டருக்குள் புண் வைத்த நிலையில் வந்தவர்களின் பிளாஸ்டரை வெட்டி எடுத்தார். இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிவிட வேண்டும் என்று விதி வைத்தார். நடு இரவில் தானே விடுதிக்கு வந்து, அது நடக்கிறதா என்று பார்த்தார். சிறுநீர்க் குழாய் போடுவதில் கடும் சுத்தம் கேட்டார். கண்டிப்பானவர், கோபக்காரர். ஆனால் நோயாளிகள் அவரை அப்பா என்ற பொருளில் 'பொப்பா' என்று அழைத்தார்கள்.

பிழைத்தவர்களைச் சும்மா படுக்க விடவும் இல்லை. மரவேலை, மணிக்கூடு திருத்துதல் போன்ற தொழில்கள் பழக்கப்பட்டன. அடுத்தது விளையாட்டு. முதலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி தடியால் பந்தடிக்கும் போலோ. அதில் அடிபடக் கூடும் என்பதால் அதைக் கைவிட்டு, கூடைப்பந்துக்கு மாறினார்கள். வில்வித்தையை குட்மன் பெரிதும் விரும்பினார். தோளும் கையும் முதுகின் மேற்பகுதியும் அதில் பலம் பெறும். கால் இயங்குபவரோடு சரிசமமாக நின்று போட்டியிடவும் முடியும்.

1948 ஜூலை 29ஆம் திகதி லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மண்டவில் புல்வெளியில் 14 ஆண்களும் 2 பெண்களும் சக்கர நாற்காலியில் இருந்து அம்பு எய்தார்கள். 1952இல் நெதர்லாந்து அணி வந்தது. 1960இல் ரோமில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் வந்தார்கள். இன்று அதுவே முதலாவது பராலிம்பிக் என்று கணக்கிடப்படுகிறது.

அணிகளோடு வந்த அறிவு

இந்தப் போட்டிகளுக்கு இன்னொரு பயன் இருந்தது. அணிகளோடு அந்தந்த நாட்டு வைத்தியர்களும் வந்தார்கள். யாருடைய விடுதியில் புண் குறைந்தது, எந்த முறை தோற்றது என்று பேசிக்கொண்டார்கள். 1961இல் முள்ளந்தண்டுக் காயம் பற்றிய சர்வதேச வைத்தியச் சங்கம் உருவானது. குட்மன் அதன் முதல் தலைவர். சில ஆண்டுகளில் அதற்கென ஓர் ஆய்விதழும் வந்தது. அதற்கும் அவரே ஆசிரியர்.

அவர் சொன்ன எல்லாமே நிலைக்கவில்லை. முறிந்த முள்ளந்தண்டில் அவசர அறுவைச் சிகிச்சை செய்வதை அவர் எதிர்த்தார். இன்று எலும்பை உறுதிப்படுத்தும் அறுவைச் சிகிச்சை வழமையாகிவிட்டது. சிறுநீர்க் குழாயைக் கிருமி நீக்கிய முறையில் மட்டுமே போட வேண்டும் என்றார். 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜக் லபிடெஸ், கையைச் சுத்தமாகக் கழுவி நோயாளி தானே வீட்டில் குழாய் போடலாம் என்று காட்டினார். பலர் வைத்தியசாலையை நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபட்டார்கள். விளையாட்டு விழாவும் நெடுங்காலம் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே இருந்தது. கை கால் இழந்தவர்களும் பார்வையற்றவர்களும் 1976இல் டொரொன்டோவில்தான் சேர்க்கப்பட்டார்கள்.

ஆனால் நிலையான நம்பிக்கை என்று எல்லோரும் எண்ணியதைக் கேள்வி கேட்கும் வழியை அவரே திறந்துவிட்டார். பின்வந்தவர்கள் அவரையும் அதே வழியில் கேள்வி கேட்டார்கள்.

1980 மார்ச் 18ஆம் திகதி குட்மன் காலமானார். அந்த ஆண்டு ஒலிம்பிக் நடத்திய மொஸ்கோ, மாற்றுத்திறனாளிகளின் போட்டியை ஏற்கவில்லை. அது நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் நகரில் நடந்தது. அவர் இல்லாமலே நடந்தது.

எறிகணைச் சிதறல் முதுகில் தைத்து, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தவர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பல வீடுகளில் இரவில் எழும்பிப் புரட்டிவிடுவது ஒரு தாய் அல்லது மனைவி. அவர்கள் செய்வது வெறும் தொண்டு அல்ல. ஒரு காலத்தில் பெரிய வைத்தியசாலைகளே செய்யத் தவறிய வைத்தியம் அது. அந்தக் கைகளுக்கு ஓய்வு கிடைக்கவும், புதிய முறைகள் அந்த வீட்டு வாசல்வரை வந்து சேரவும் யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். 1917இல் மறைப்புக்குப் பின்னால் கிடத்தப்பட்ட அந்தத் தொழிலாளிக்கு அப்படி ஒருவரும் இருக்கவில்லை.