கழட்டிப் பார்த்துப் படித்தவர்: ஜி.டி. நாயுடு

நம் சங்கத்து நண்பர்களில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கும் ஒரே ஆசைதான். வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு கொட்டகை போட்டு, சின்னதாய் ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வைஸ் வைத்து, யாருக்கும் பில் போடாமல் தன் மனசுக்குப் பிடித்த நாலு சாமானைக் கடைந்து பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் கூடும்போது சாப்பாட்டுப் பந்தியில் இந்தப் பேச்சு வராமல் இருந்ததில்லை. மாணவத் தம்பி தங்கைகள் சிரிக்கலாம். உங்களுக்கும் ஒருநாள் வரும்!

இந்த ஆசைக்கு நம் நாட்டில் ஒரு முன்னோடி உண்டு என்றால் அவர் கோவை ஜி.டி. நாயுடு. பெயர் தெரியாதவர் இல்லை. 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டமும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு அவர் எப்படிக் கற்றார் என்பதை நாம் பார்ப்பதில்லை. இன்ஜினீயரிங் படித்த, படிக்கிற நாம் பார்க்க வேண்டியது அதைத்தான் என்பது என் எண்ணம்.

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் சூலூரை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவில்லை. ஆரம்ப வகுப்புகளோடு சரி. இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். அதுபோல ஒன்று தனக்கும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. இங்கிலாந்தில் ரட்ஜ் கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்ய ஆரம்பித்து அதிக வருஷம் ஆகாத காலம் அது. நம் ஊர்ப்பக்கம் மாட்டு வண்டியைத் தாண்டி யாரும் யோசிக்காத நேரம். அவர் கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சில நூறு ரூபாய் சேரும் வரை பொறுமையாக இருந்து, அந்த வண்டியை வாங்கியே விட்டார்.

வாங்கியவர் ஓட்டித் திரிந்துவிட்டுப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழட்டிப் போட்டார். திரும்ப மாட்டினார். மெக்கானிக் ஆனார். அவருடைய டிகிரி அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் கொட்டகைக்கு வருகிறேன். வீட்டுப் பட்டறை வைக்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் லேத் வாங்கத்தான் ஓடுவார். நாயுடுவிடம் முதலில் இருந்தது ஒரு மெஷினும் அதைப் பற்றி விடாத ஒரு கேள்வியும். ஆட்டம் காணாத பெஞ்ச், நல்ல கனமான வைஸ், நாலைந்து அரம், ஹாக்ஸா, ஸ்பேனர் செட், டேப்பும் டையும், ஒரு வெர்னியர், இவ்வளவு இருந்தாலே ஒரு பழைய பம்ப்பையோ தையல் மெஷினையோ கழட்டி மாட்டிவிடலாம். அதற்கப்புறம் டிரில்லிங் மெஷின். லேத் கடைசியில் வரட்டும்.

பழைய லேத் வாங்குபவர்கள் பெயின்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெட் சக்குப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும், ஏனென்றால் வேலை நடப்பது அங்கேதான். அங்கே நேர்விளிம்பு ஒன்றை வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். சக்கில் ஒரு கம்பியை மாட்டி மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் ஸ்பிண்டில் ஆட்டம் தெரிந்துவிடும். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் கரன்ட்தானா என்பதைப் பார்த்துவிட்டு மோட்டார் பேசுங்கள். வேளாங்கண்ணி, நாகை பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காத்து இரும்பைச் சும்மா விடாது. ஒரு மழைக்காலம் துடைக்காமல் விட்டால் பெட்டில் செந்துரு பூத்துவிடும். வேலை முடிந்ததும் சீவலைத் தள்ளி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மூடி வையுங்கள். எர்த் கம்பியையும் அவ்வப்போது பாருங்கள், அதையும் உப்பு தின்னும். லுங்கி கட்டிக்கொண்டும், கையுறை மாட்டிக்கொண்டும் ஓடுகிற லேத் முன்னால் நிற்காதீர்கள். சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடாதீர்கள். வகுப்பில் நமக்குச் சொன்னதுதான், வயசான பிறகு மறந்துபோகும் என்பதால் சொல்கிறேன்.

நாயுடு மெக்கானிக் வேலையோடு நிற்கவில்லை. திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழில் செய்து காசு பார்த்தார். பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரத்தில் அதை இழந்தார். 1920-ல் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ்., என்று வளர்ந்தது. 1933 வாக்கில் 280 வண்டிகள் ஓடின. நாட்டிலேயே சீராக நடந்த பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

இவ்வளவு வசதி வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பாட்டரியில் ஓடுகிற குட்டி மோட்டார் வைத்த 'ரசான்ட்' சவர ரேசர், மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மின்சாரம் இல்லாத வீட்டுக்கு மண்ணெண்ணெயில் சுற்றும் விசிறி, சினிமா காமிராவுக்குத் தூரம் சரிசெய்யும் கருவி என்று வரிசையாகச் செய்தார். கவனித்துப் பாருங்கள், எல்லாம் வீட்டிலும் கையிலும் புழங்குகிற சாமான்கள். காலையில் முகம் மழிக்கும்போது ஏற்பட்ட எரிச்சல்கூட அவருக்கு ஒரு வேலையாகியிருக்கும் போல! காமிராவை அவரே நன்றாகக் கையாளுவார். 1936 ஜனவரியில் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் காமிராவில் படமெடுத்தார். கள்ள ஓட்டுக்கு இடமில்லாத ஓட்டுப் பதிவு மெஷினும் அவர் பட்டியலில் உண்டு. நம் நாட்டுத் தேர்தலில் மின்னணு ஓட்டு மெஷின் முதன்முதலாக வந்தது 1982-ல், கேரளத்துப் பரவூரில். அப்போது நாயுடு காலமாகி எட்டு வருஷம்.

நம் டெல்டாக்காரர்களுக்கு அவர் செய்த காரியம் வேறு. பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைக்கு வந்தது. மில்லுக்கும் கிணற்றுக்கும் மோட்டார் வேண்டும், அது சீமையிலிருந்துதான் வர வேண்டும். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார்கள். பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைக் கட்டினார். மோட்டாரும் பம்ப்பும் என்றாலே கோயமுத்தூர் என்றாயிற்று. நாம் மேட்டூர்த் தண்ணீரை நம்பிப் பிழைத்தவர்கள். ஜூன் 12-ல் அணை திறக்காத வருஷங்களில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் குறுவையைக் காப்பாற்றியது போர்வெல் மோட்டார்தான். கடலோரக் கடைமடையில் நிலத்தடி நீரே உப்பாக இருப்பதால் நமக்கு அந்த வசதியும் குறைவு. அது தனி வருத்தம்.

1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய்தான். அந்த வருஷம்தான் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் அமலுக்கு வந்தது. எதைச் செய்யவும் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். அவருக்கு அது கிடைக்கவில்லை. கார் நின்றுபோனது. சட்டம் போட்டவர்களுக்கும் காரணம் இருந்திருக்கும், அந்நியச் செலாவணி இல்லை, எஃகு இல்லை. இருந்தாலும் ஒன்றைச் செய்து காட்டியவரிடம் செய்யாதே என்று சொல்வதில் உள்ள கசப்பு, பட்டறையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

மாணவர்கள் நின்று படிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. 1944-ல் மோட்டார் தொழிலிலிருந்து விலகிக்கொண்டு, ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் தொழிலாளர் நலனுக்கும் பணம் ஒதுக்கினார். 1945-ல் அவர் முயற்சியில் கோவையில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. அன்றைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று நாம் ஜி.சி.டி. என்று சொல்கிற அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். ஆரம்ப வகுப்பைத் தாண்டாத மனிதர் அதன் பிரின்சிபாலாக உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சண்டை வந்தது. நாலு வருஷப் படிப்பு வீண், இதே விஷயத்தை இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை. தன் முயற்சியில் பிறந்த கல்லூரியை விட்டு ராஜினாமா செய்து வெளியே வந்துவிட்டார்.

அவர் சொன்னது சரியா? நான் பாதி ஒப்புக்கொள்வேன். கழட்டி மாட்டுவதை இரண்டு வருஷத்தில், ஏன், ஆறு மாதத்தில்கூடச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு தண்டு ஏன் அந்த இடத்தில் ஒடிந்தது, அடுத்தது ஒடியாமல் இருக்க எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்குப் போட நேரம் பிடிக்கும். நாயுடு அனுபவத்தாலேயே அதைத் தாண்டியவர். எல்லோரும் நாயுடு இல்லை. மறுபாதியில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாலு வருஷமும் முடித்துவிட்டு ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தயங்குகிற பட்டதாரிகளை நாம் இன்டர்வியூவில் பார்த்திருக்கிறோம். அந்தப் பையன்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் கையில் யாரும் ஒரு ரட்ஜைக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஆஸ்டலில் ஓடாத மிக்ஸி, பழைய ஃபேன் எத்தனை கிடக்கின்றன! தம்பிகளே, தங்கைகளே, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதில் ஒன்றைக் கழட்டுங்கள். கழட்டும் வரிசையைப் பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். திருப்பி மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிச்சமானால், அது எங்கே போக வேண்டும் என்று தெரியும்வரை விடாதீர்கள்.

பிற்காலத்தில் பருத்தி, பப்பாளி, சோளம் என்று செடிகொடி ஆராய்ச்சியிலும் இறங்கினார். 1936 தேர்தலில் நின்று தோற்றதும் உண்டு. 1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் அவர் சேர்த்த, செய்த சாமான்களின் காட்சிக்கூடம் இருக்கிறது. கோவைப் பக்கம் கல்யாணத்துக்கோ இன்டர்வியூவுக்கோ போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி அங்கே போங்கள். கூட வருகிற பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.