ஜான் மியூர்

ஜான் மியூர் (ஏப்ரல் 21, 1838 - டிசம்பர் 24, 1914) ஸ்காட்லாந்தில் பிறந்த அமெரிக்க இயற்கையியலாளரும் எழுத்தாளரும் ஆவார். கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவாகப் பெரிதும் காரணமாக இருந்தவர். சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக அப்பூங்காவினுள் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்துத் தம் இறுதி ஆண்டுகளில் போராடினார்.

இளமை

மியூர் டன்பார் நகரில் பிறந்தார். 1849இல் இவரது குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் குடியேறியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பயின்ற இவர் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். 1867இல் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியபோது கண்ணில் காயமுற்றுச் சில வாரங்கள் பார்வையிழந்தார். பார்வை மீண்டபின் இயந்திரத் தொழிலைக் கைவிட்டு, இயற்கையை ஆராய முற்பட்டார். 1868இல் கலிபோர்னியாவை அடைந்தார்.

காடுகளின் பாதுகாப்பு

1869ஆம் ஆண்டுக் கோடையில் ஆட்டு மந்தை ஒன்றுடன் சியேரா நெவாடா மலைத்தொடருக்குச் சென்றார். மந்தைகள் புல்வெளிகளை அழிப்பதை அங்கு நேரில் கண்டார். மலைக்காடுகள் மழைநீரையும் பனி உருகிய நீரையும் மண்ணில் தேக்கி, சிறிது சிறிதாக ஆறுகளுக்கு விடுகின்றன. காடு அழிந்தால் மண் அரிக்கப்படும். வெள்ளமும் வறட்சியும் மிகும். எனவே காடுகளைக் காக்க வேண்டுமெனத் தம் கட்டுரைகளில் வலியுறுத்தினார். 1890இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா நிறுவப்பட்டது. டுவாலமி ஆற்றின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியும் இதில் அடங்கும். 1891 முதல் குதிரைப்படையினர் மந்தைகளை வெளியேற்றினர். 1892இல் சியேரா கிளப் தொடங்கப்பட்டபோது மியூர் அதன் தலைவரானார். இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஹெட்ச் ஹெட்சி அணை

டுவாலமி ஆறு பாயும் ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கில் அணை கட்ட சான் பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் நீர்க்குழாய்கள் உடைந்தமையால் தீயை அணைக்க இயலாது நகரின் பெரும்பகுதி எரிந்தது. அதன்பின் இத்திட்டத்துக்கு ஆதரவு பெருகியது. 1908இல் உள்துறைச் செயலர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் அனுமதி வழங்கினார். நகருக்கு வேறு நீராதாரங்கள் உள்ளன என மியூர் வாதிட்டார். பொது நலனே பெரிதெனக் கருதிய வனவியலாளர் கிஃபோர்ட் பின்ஷோ அணையை ஆதரித்தார். 1913 டிசம்பரில் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் அணைக்கான சட்டத்தில் கையொப்பமிட்டார்.

மறைவுக்குப் பின்

ஓராண்டு கழித்து மியூர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நுரையீரல் அழற்சியால் காலமானார். அணை 1923இல் முடிவுற்றது. 1934இல் அதன் நீர் நகரை அடைந்தது. நீர்ப்பிடிப்புப் பகுதி பூங்காவினுள் பாதுகாக்கப்படுவதால் இந்நீர் மிகத் தூயது. வடிகட்டப்படாமல், கிருமிநீக்கம் செய்யப்பட்டு வழங்கப்படுகிறது. மியூர் எதிர்த்த அணையின் நீர், அவர் காத்த நிலத்தாலேயே தூய்மையாக உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது. 2013இல் ஏற்பட்ட பெரும் காட்டுத்தீ நீர்த்தேக்கத்தின் அருகுவரை பரவியது.