எஸ். எஸ். வாசன்

பொருளை ஆக்குதல் ஒரு தொழில்; ஆக்கிய பொருளை நாடறியச் செய்தல் பிறிதொரு தொழில். ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரையில் மோட்டார் வண்டிகளும் பிற பொருள்களும் செய்யும் ஆலைகள் இன்று நிறைந்துள்ளன. அத்தகைய ஆலைகளின் விற்பனைப் பகுதியிற் புக விரும்பும் மாணவர் சர்க்குலேஷன், ரீடர்ஷிப், ரீச், ஃப்ரீக்வென்ஸி, ரீகால் என்னும் சொற்களைக் கேளாதிரார். இவற்றின் பொருளை விளம்பரத்தால் வாழ்ந்து உயர்ந்த ஒரு தமிழரின் சரிதத்தைக்கொண்டு அறிதல் எளிது. அவரே எஸ். எஸ். வாசன்.

சீனிவாசன் என்னும் இயற்பெயருடைய இவர் 1904ஆம் ஆண்டில், அக்காலத் தஞ்சை ஜில்லாவிலிருந்த திருத்துறைப்பூண்டியிற் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, அன்னையாரின் உழைப்பால் வளர்ந்தார். சென்னைக்கு வந்து பயின்றும், வறுமையாற் படிப்பை முற்றுவிக்க இயலாது, பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்க்கும் தொழிலை மேற்கொண்டார். தபால் மூலம் பொருள் விற்கும் வியாபாரமும் நடத்தினார். எந்த விளம்பரம் எத்தனை ஆர்டர்களைக் கொணர்ந்தது என்பது தபால் வியாபாரிக்கு விரைவில் விளங்கும். விளம்பர ஆராய்ச்சியின் முதற் பாடம் அதுவே.

பூதூர் வைத்தியநாதையர் 1926இல் தொடங்கிய ஆனந்த விகடன் தளர்வுற்றிருந்த காலத்தில், 1928இல், வாசன் அதனை 200 ரூபாய்க்கு வாங்கினார். பெயரிலுள்ள 8 எழுத்துக்களுக்கு எழுத்தொன்றுக்கு 25 ரூபாய் வீதம் விலை பேசப்பட்டது என்பர். விற்பனையாகும் பிரதிகளின் தொகை சர்க்குலேஷன் எனப்படும். அதனைப் பெருக்கும் பொருட்டுப் பரிசுடன் கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை அவர் நடத்தினார். ஆயினும், பரிசை நாடி வாங்குவோர் யாவரும் படிப்போர் ஆகார். படிப்போர் தொகைக்கு ரீடர்ஷிப் என்று பெயர். ஒரு பிரதியை ஒரு வீட்டில் நால்வர் படிப்பின் சர்க்குலேஷன் 1, ரீடர்ஷிப் 4. போட்டி, பத்திரிகையை வாங்கச் செய்தது. கல்கியின் எழுத்தும் மாலியின் சித்திரமும் அதனைப் படிக்கச் செய்தன. விளம்பரம் கொடுப்போர் நாடுவது படிப்போரையே. பிரதிகளின் கணக்கைப் பத்திரிகையார் தாமே கூறின் ஐயம் எழுமன்றோ? அதனை நீக்கவே, கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் 1948இல் இந்தியாவில் நிறுவப்பெற்றது.

அவ்வாண்டிலேயே வாசனுக்குப் பெருஞ்சோதனையும் வந்தது. டைரக்டர் கே. சுப்பிரமணியத்தின் ஸ்டூடியோ தீயால் அழிவுற்று ஏலத்திற்கு வந்தபோது, அதனை வாங்கி ஜெமினி எனப் பெயரிட்டிருந்தார். அங்கே ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய்ச் செலவில் ஆக்கப்பெற்ற சந்திரலேகா 1948இல் வெளிவந்தது. தமிழ்நாடு மட்டும் அத்தொகையைத் திருப்பித் தர வல்லதன்று. மனந்தளராத வாசன் அவ்வாண்டிற்குள்ளேயே அதனை ஹிந்தியிலும் வெளியிட்டு, வடநாடெங்கும் பெருவாரியாக விளம்பரம் செய்தார், வெற்றியும் கண்டார். ஒரு விளம்பரத்தை ஒரு முறையேனும் கண்டோர் தொகை ரீச். அவர்கள் சராசரியாக எத்தனை முறை கண்டனர் என்பது ஃப்ரீக்வென்ஸி. 1 லட்சம் பேர் 3 முறை கண்டால் பார்வைகள் 3 லட்சம். மனிதரோ 1 லட்சமே. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் தம்மையே ஏமாற்றிக்கொள்வர்.

1969இல் பத்மபூஷண் விருது பெற்ற வாசன் அவ்வாண்டிலேயே காலமானார். அவருடைய ஸ்டூடியோ இன்று இல்லை. அவ்விடத்தருகே 1973இல் திறக்கப்பெற்ற பாலத்திற்கு அண்ணாவின் பெயரே சூட்டப்பெற்றது; எனினும் சென்னை மக்கள் இன்றும் அதனை ஜெமினி பாலம் என்றே வழங்குகின்றனர். கண்ட பெயர் மனத்தில் தங்கி, வேண்டும்போது நாவில் எழுவதே ரீகால். பிரதிகளையும் பார்வைகளையும் பொருள் செலவிட்டுப் பெருக்கலாம். மக்கள் மனத்தில் இடம்பெறுதல் உழைப்பினாலன்றி ஆகாது. தொழிற்றுறை புகும் மாணவர், எண்களைக் கணக்கிடும்போதெல்லாம் இதனை மறவாதிருப்பாராக.